சிப்பாய்க்கு நான் எழுதிய ஒரு வரி

திருத்தணியில் எங்கள் வீட்டுப் பின்கட்டை வாடகைக்கு விடுவோம். என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை வண்டிக்குப் போய்விடுவார். வீடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது என் பொறுப்பு. நான் ஐந்தாவது வரை படித்தவள். முகம் பார்த்துப் பேசக் கூச்சம். கதவை ஒருக்களித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பேன். முன்பு யார் வீட்டில் இருந்தீர்கள், என்ன வேலை, இந்த ஊரில் உங்களைத் தெரிந்தவர் யார். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவர்களுக்கு எங்கள் தெருவில் யாரும் வீடு கொடுப்பதில்லை.

தொண்ணூறுகளில் ஓர் ஆடி மாதம், இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. புருஷன் மிலிட்டரியில். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் சிநேகிதி வீட்டில் ஒண்டியிருந்தாள்.

"முன்னாடி யார் வூட்ல இருந்தீங்க?"

"எங்கம்மா வூட்லதாங்க."

"இங்க தெரிஞ்சவங்க?"

"அவர மட்டுந்தாம்மா தெரியும். அவரு பார்டர்ல கீறாரு."

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "அவரு கீறாரு, சரி. தாலி கட்டனத யாரு பாத்தாங்க?"

"முருகன் பாத்தாருக்கா. மேல போய்க் கேட்டுனு வாங்க, முந்நூத்தி அறுபத்தஞ்சு படிதான்" என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் பயம். இல்லை என்று சொல்ல வாய் வராமல், "உன் வீட்டுக்காரரு கடுதாசி ஒண்ணு இந்த விலாசத்துக்கு வரட்டும்மா. ஆடி போனதும் பாக்கலாம்" என்றேன். தட்டிக் கழிக்கத்தான் சொன்னேன். அவள் சந்தோஷமாகக் கதவு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு நாலைந்து முறை வந்தாள். "வந்துச்சாங்கம்மா?" என்பாள். இல்லை என்பேன். போய்விடுவாள்.

ஆவணி பிறந்ததும் என் வீட்டுக்காரர் தன் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரைக் கூட்டிவந்தார். தெரிந்த மனிதர், குடும்பஸ்தர். பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவள் வந்தபோது பின்கட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆள் வந்துட்டாங்களா?"

"ஆங்."

"பரவால்லம்மா. கடுதாசி வந்தா மட்டும் எடுத்து வைங்க."

எங்கே போகப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே கடிதம் வந்தது. அப்புறம் இன்னும் இரண்டு. அவள் வரவே இல்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கே.ஜி.கண்டிகை போனேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சிநேகிதி வீட்டைக் கண்டுபிடித்தேன். நான் யார் என்று சொன்னதும் சிநேகிதி என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அவ போயி பத்து நாளாச்சே! உங்க வூடு கெடச்சிடுச்சின்னு பெட்டியத் தூக்கினு போனாளே?"

எப்படி வீடு வந்து சேர்ந்தேனோ. ஒரு கடிதத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வீட்டுக்கார அம்மா நல்லவங்கன்னு எழுதியிருந்தாய். இனி எனக்குக் கவலை இல்லை.'

கடித முதுகில் அவன் பட்டாளத்து விலாசம். வெறும் எண்கள், ஊர்ப் பெயர் கிடையாது. சொல்லாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது. ஒரு தபால் அட்டை வாங்கி எழுதினேன்: 'உங்கள் சம்சாரம் இங்கே இல்லை.' ஏன் இல்லை என்று எழுத வெட்கம் கையைப் பிடித்தது. "நமக்கெதுக்குடி வம்பு, போதும் வுடு" என்றார் என் வீட்டுக்காரர். போட்டுவிட்டேன்.

அதன்பிறகு கடிதமே வரவில்லை. அவளே வேறு வீடு பார்த்து அவனுக்கு எழுதியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். அவள் எழுதுவதற்கு முன்னால் என் அட்டை போய்ச் சேர்ந்திருந்தால்? கட்டின பெண்டாட்டி சொன்ன இடத்தில் இல்லை என்று மட்டும் படித்தவன், அந்தப் பார்டரில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பான்?

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவர் ரிடையராகி வீட்டோடு இருந்தார். விசாரிப்பதும் அவர் வேலையாயிற்று. வாசலில் ஒரு பெண்குரல் "வீடு காலியாங்க?" என்றால் நான் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

அவள் நல்லபடியாகத்தான் வந்தாள், நான்தான் வீடு கொடுக்கவில்லை என்று எழுத அந்த அட்டையில் நிறைய இடம் இருந்தது.