பத்தாயிரம் மைல் தாண்டாத கார்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டு சீற், மடித்து வைக்கிற துணிக்கூரை. புத்தூரில் எங்கள் வீட்டுக் கோடிப்பக்கத்தில் அவளுக்கென்று சீமெந்து போட்ட கராஜ் ஒன்று இருந்தது. என் குசினித் தரைக்குச் சீமெந்து போட்டது அதற்கும் பிறகுதான்.

என் கணவரின் பெரியப்பா இங்கிலாந்தில் டொக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மட்டும் அதை ஓடினார். பிறகு அவர் மறுபடியும் லண்டனுக்கே போய்விட்டார். போகும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக் கழுவித் துடைத்துக் கொடுத்த தம்பி மகனுக்கு அதை எழுதி வைத்தார். அந்தத் தம்பி மகனுக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. ஆக, எனக்கு முந்தியே அவள் வந்துவிட்டாள்.

சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. நான் அந்தக் காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஒரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டால், அவளுக்குப் பல்லு மிதப்பு, குரல் கரகரப்பு என்று எதையாவது சொல்லி ஆறலாம். இதிலே அதற்கும் வழியில்லை. வயது போகப் போக இதற்கு மதிப்புக் கூடிக்கொண்டே வந்தது. எனக்கு அப்படி நடக்கவில்லை.

என் ஆசை பெரிதில்லை. அந்தக் காரில், என் கணவருக்குப் பக்கத்தில் இருந்து, ஒரேயொரு தரம் றோட்டிலே போகவேண்டும். அவ்வளவுதான்.

முதலில் அது எங்கள் கலியாணத்தன்று நடந்திருக்கவேண்டும். சண்டை நடந்த, பெற்றோல் தடையாயிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஸ்டார்ட் பண்ண மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், பிறகு கறுப்புப் புகையும் இருமலுமாகப் போகும். அளவெட்டியில் எங்கள் வீட்டில் தாலி கட்டி, பிறகு புத்தூருக்குக் கால்மாறிப் போகவேண்டும். கலியாணப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாப்பிள்ளையிடம் சிவப்புக் கார் இருக்கிறது என்று என் சிநேகிதிகள் எல்லாருக்கும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது ஒரு பழைய வாடகைக் கார்.

"அதுக்கு மண்ணெண்ணெய் விடக்கூடாது. எஞ்சின் பழுதாப்போம்," என்றார், தாலி கட்டி ஒரு மணித்தியாலம்கூட ஆகாத மாப்பிள்ளை.

எனக்குத் தோழியாக நின்றவ அவருடைய தங்கச்சி. அவவும் சேர்ந்துகொண்டா. "அதிலை ரெண்டு பேர்தானே மச்சாள் இருக்கலாம். தோழியை விட்டிட்டுப் போவியளோ?"

விட்டிட்டுப் போகச் சந்தோசமாக இருந்திருப்பேன். மண்ணெண்ணெய்ப் புகைக்குள் மூன்று பேரும் நெருக்கி இருந்து புத்தூருக்கு வந்து சேர்ந்தோம். என் கூறைச்சேலையில் அந்த மணம் கனநாள் நின்றது.

இந்த மச்சாளைப்பற்றியும் சொல்லவேண்டும். கனடாவில் இருக்கிறா. சண்டை நின்று கொழும்புப் பாதை திறந்தபிறகு, லீவுக்கு வரும்போதெல்லாம் ஒரு படத்தைக் காட்டுவா. சிவப்புக் காரின் பக்கத்துச் சீற்றில், கறுப்புக் கண்ணாடியும் தலையில் கட்டிய லேஞ்சியுமாகக் குமரியாக அவ. "அண்ணை என்னை இதிலை ஏத்திக்கொண்டு கீரிமலைக்குப் போனவர் மச்சாள். காத்திலை என்ரை தலைமயிர் எல்லாம் பறந்தது." ஒவ்வொரு வருகைக்கும் தூரம் கூடியது. கீரிமலை பருத்தித்துறையாயிற்று, பருத்தித்துறை காரைநகராயிற்று. நான் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுவேன். அவவின் கோப்பைக்கு மட்டும் சீனி போடக் கை வராது. கனடாவில் இருக்கிறவை இனிப்புக் குடிக்கமாட்டினம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

சண்டை நெருங்கி வந்து, ஊர் முழுக்க இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். கூறைச்சேலையும் நல்ல உடுப்புகளும் வைத்த சூட்கேசை நான் அதன் காரியரில் கட்டியிருந்தேன். சாமியறை விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், சூட்கேஸ் விறாந்தையில் இருக்கிறது. காரியரில் ஒரு சாக்கு. சாக்குக்குள் காரின் கார்புரேட்டரும் வேறு சில சாமான்களும்.

"இதுகளைக் கழட்டினால்தான் ஒருத்தரும் ஓட்டிக்கொண்டு போகேலாது," என்றார்.

அவர் சொன்னது சரிதான். பல மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்திலேயே நின்றது. சூட்கேசைக் காணவில்லை.

பிறகு ஒரு நாள் பெற்றோல் வந்தது. இனி என்ன தடை என்று நான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து பெரியப்பா டெலிபோன் எடுத்தார். அந்தக் கார் வகை இப்போது சேகரிக்கிறவர்களின் கையில் ஏறுவிலைக்குப் போகிறதாம். ஆனால் எல்லாம் மைலைப் பொறுத்தது. மீற்றர் பத்தாயிரத்துக்குள் நின்றால் அது அருமையான சாமான். தாண்டினால் வெறும் பழங்கார். எங்கள் மீற்றரோ பத்தாயிரத்துக்குக் கிட்ட வந்து நின்றது.

என் கணவர் வங்கியில் வேலை செய்தவர். அவருக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது. "மற்றக் கார் ஓடினால்தான் காசு. இது ஓடாமல் நிண்டால்தான் காசு," என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார். நான் அச்சுவேலிக்குப் பஸ்ஸில் போய்ப் படிப்பித்தேன். மாரிமழையில் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, கராஜுக்குள் ஒரு துளி படாமல் நிற்கிறவளை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஸ்டார்ட் பண்ணி, நின்ற இடத்திலேயே உறும விட்டு நிறுத்துவார். சரஸ்வதி பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கவேண்டுமே, அதற்குக்கூட ஓடமாட்டார். கையால் மெல்லத் தள்ளி நசித்துவிட்டு உடனே பின்னுக்கு இழுத்துவிடுவார், அந்த அரை முழமும் மீற்றரில் விழுந்துவிடும் என்று.

ஒருக்காத்தான் வாய்விட்டுக் கேட்டேன். "சந்தி மட்டுமாவது போட்டு வருவமே?"

"இன்னும் ஒரு மைல்தான் மிச்சம் கிடக்கு. அதை உமக்கு ஓடிக் காட்டினால் கார் போச்சு," என்றார். கோபமில்லை. கடன் தரமுடியாது என்று வங்கியில் சொல்லுகிற அதே மரியாதையான குரல். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போனார்கள். அவர் ஓய்வு பெற்றார், நானும் பெற்றேன். அவருக்கு முழங்கால் மடங்காமற் போனது. தரையோடு தாழ்ந்த கார், குனிந்து உள்ளே போய் இருப்பதே பெரும்பாடு. கடைசியில் விற்கிறது என்று முடிவானது. எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கவேண்டும். ஆனால் அவள் போனால் என் ஆசையும் அவளோடு போய்விடும் என்பது அப்போதுதான் விளங்கியது.

கொழும்பிலிருந்து பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் பார்க்க வந்தார். பிறந்து வளர்ந்தது எங்கள் பக்கம்தான். அதனால் அவர் கேட்ட முதற்கேள்வி, "மண்ணெண்ணெய் குடிச்சதோ?"

"ஒரு சொட்டும் இல்லை," என்றார் என் கணவர், பிள்ளையின் ஒழுக்கத்தைப்பற்றிச் சொல்லுகிற தகப்பன் மாதிரி.

வந்தவர் மீற்றரை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைவிட்டுவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் மற்றதையெல்லாம் பார்த்தார். "மீற்றரை ஆரும் குறைக்கலாம் ஐயா. மைல் குறைவெண்டால் கார் முழுக்க அதைச் சொல்லவேணும்." பிரேக் மிதிக்கிற றப்பர் தேய்ந்திருக்கிறதா, கதவு தொங்குகிறதா, ஓட்டுகிறவரின் சீற் எவ்வளவு பதிந்திருக்கிறது. எல்லாம் மீற்றரோடு ஒத்துவந்தது. கடைசியாகப் பக்கத்துச் சீற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது கடையிலை இருந்து வந்தமாதிரியே கிடக்கு. இந்தச் சீற்றிலை ஒருத்தரும் இருந்து போகேல்லைப் போலை?"

"பெரியப்பா தனியாள். நானும் ஒருத்தரையும் ஏத்தினதில்லை."

"அப்ப இதுக்காகவே நான் கொஞ்சம் கூடத் தரலாம்."

நான் தேத்தண்ணித் தட்டோடு கராஜ் வாசலில் நின்றேன். நான் இருக்காததற்கு விலை! முப்பது வருடத்துக்கு மேலாக நான் அந்த இடத்தில் இல்லாமலிருந்ததைத் தடவிப் பார்த்து ஒருவர் மெச்சுகிறார், என் மனிசன் தலையாட்டுகிறார். அந்தத் தட்டை நான் கீழே போடாதது என் வளர்ப்பு.

வந்தவர் போனபிறகு என் கணவரைக் கேட்டேன். "ஒருத்தரையும் ஏத்தேல்லையெண்டால், உங்கடை தங்கச்சி கீரிமலைக்குப் போனது?"

அவர் சிரித்தார். "அவள் எங்கை போனவள்? கராஜுக்குள்ளை நிக்கேக்கை ஏறி இருந்து படம் எடுத்தவள். தலைமயிர் பறந்ததெண்டால் அது மேசை ஃபான் காத்து."

அப்படியானால் சீனி போடாத கோப்பையெல்லாம் வீண். எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும், இருக்கவில்லை. இவ்வளவு நாளும் மச்சாள் மேலும் கார் மேலுமாகப் பங்கு போட்டு எரிந்தது, இப்போது முழுவதும் கார் மேலேயே திரும்பியது.

கொண்டுபோகிற நாள் காலையில், வாங்கினவர் லொறியோடு சந்தியில் நின்றார். எங்கள் ஒழுங்கைக்குள் லொறி வராது. சந்திவரை தானே ஓடிக்கொண்டு போய்க் கொடுப்பதாக என் கணவர் சொல்லியிருந்தார். அதற்குமுன் கைவிட்டு மீற்றருக்குப் போகிற கேபிளைக் கழற்றினார். அதைக் கழற்றினால் எவ்வளவு ஓடினாலும் மைல் ஏறாது. பிறகு என் தோளைப் பிடித்து, காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து உள்ளே இருந்தார். இருந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"நீரும் ஏறும். சந்தி மட்டும் போவம். இது மீற்றரிலை விழாது."

எனக்கு ஒரு கணம் கண் நிறைந்தது. அடுத்த கணம் அவர் தன் தோளிலிருந்த துவாயை எடுத்துப் பக்கத்துச் சீற்றில் விரித்தார். "இதுக்கு மேலை இரும். தோல் பழுதாப்போம்."

போங்கோ நீங்களும் உங்கடை காரும் என்று உள்ளே போயிருக்கவேண்டும். நான் ரோசக்காரிதான். ஆனால் இந்த ஆசைக்கு ரோசமில்லை. ஏறி இருந்தேன்.

ஒழுங்கை இரண்டு பக்கமும் வேலி, பிறகு வெங்காயத் தோட்டங்கள். உண்மையாகவே காற்று முகத்தில் அடித்தது. தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டே நின்றா. நான் கலியாணத்தன்று போல நேரே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு மீற்றரைப் பார்த்தேன். முள் பூச்சியத்தில் படுத்திருந்தது, இலக்கங்கள் அசையவில்லை. நான் வந்ததற்கு இந்தக் காரில் ஒரு அடையாளமும் இருக்காது. மைலும் ஏறாது, தோலிலும் பதியாது. எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் எழும்பி, துவாயை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக, முழுப்பாரத்தோடு இருந்தேன்.

காய்ந்துபோன தோல் 'டப்' என்றது.

அவருக்கும் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார், மடியிலிருந்த துவாயைப் பார்த்தார். கார் இன்னும் மெதுவாகப் போனது. தோல் மேலும் வெடிக்கக்கூடாது என்று நினைத்தாரோ, என்னவோ.

சந்தியில் வாங்கினவர் குனிந்து மீற்றரைப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு சீற்றைப் பார்த்தார். தையலோடு ஒரு விரல் நீளத்துக்குத் தோல் வெடித்திருந்தது.

"இது அண்டைக்கு இல்லையே. ஆர் இதிலை இருந்தது?"

"என்ரை மனிசி," என்றார் அவர்.

குரலைத் தாழ்த்தவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கிற குரலும் இல்லை. வாங்கினவர் விலையைக் குறைத்தார். கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசுகிற என் மனிசன் சரி என்று தலையாட்டினார். "பரவாயில்லை, பழந்தோலை உரிச்சுப்போட்டுப் புதுத்தோல் அடிக்கலாம்," என்று வாங்கினவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். காரை ஏற்றிக் கயிறு கட்டிப் படங்குத் தார்ப்பாயால் மூடினார்கள். லொறி வெளிக்கிடும்போது என் கணவர் நொண்டிக்கொண்டு முன்பக்கம் போனார்.

"உரிக்கிற தோலை எறிஞ்சுபோடாதேங்கோ. எனக்கு அனுப்பிவிடுங்கோ."

தோல் சில கிழமை கழித்துப் பார்சலில் வந்தது. விறாந்தையில் அவருடைய கதிரைக்குப் பக்கத்துக் கதிரையில் அதை விரித்து, ஆணி அடித்தார். காரின் நினைவுக்கா, நான் இருந்ததற்கா என்று நான் கேட்கவில்லை. கார் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

போன லீவுக்கு மச்சாள் கனடாவிலிருந்து வந்தா. விறாந்தைக்கு ஏறினவ நேரே அந்தக் கதிரையில் இருக்கப் போனா. நான் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றேன்.

"உதிலை இராதை," என்றார் அவர். "அது உன்ரை மச்சாளின்ரை சீற்."

நான் திரும்பிக் குசினிக்குள் போய், மச்சாளின் கோப்பைக்குச் சீனி அள்ளிப் போட்டேன்.