தாலி கட்டிய சீசா

சுதந்திரத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்தே காலி சீசா கொண்டுவருவார்கள். குடிக்கிற மருந்தோ, தேய்க்கிற தைலமோ, அதில் ஊற்றிச் சீட்டு ஒட்டிக் கொடுப்பேன். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஒரு நாள் தறிக்காரர் ஒருவரின் மனைவி இரண்டு சீசாக்களோடு வந்தார். கணவரின் இருமலுக்கு ஒன்று, மாமியாரின் முழங்காலுக்கு ஒன்று.

“ஏனுங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்களே?” என்றார்.

“எழுதி ஒட்டியிருக்குதல்லம்மா, படிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் அவருடைய கணவரை வண்டியில் கொண்டுவந்தார்கள். சளியில் மூக்கடைத்து வாசனை தெரியாமல், மனைவி எடுத்துக் கொடுத்த தைலத்தை இருமல் மருந்தென்று வாயில் ஊற்றியிருக்கிறார். எரிச்சல் தாங்காமல் உடனே துப்பியதால் உயிர் தப்பியது. உதடும் நாக்கும் வெந்திருந்தன.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சரியாகத்தான் எழுதினேன், இந்த அம்மாள்தான் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றேன். டாக்டர் அவரைத் திட்டினார். நான் அடுத்த சீட்டை எழுதப் போனேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி” என்று மட்டும் அந்த அம்மாள் சொன்னார்.

மாலையில் டாக்டரிடம் போய், அந்த அம்மாள் கேட்டதையும் நான் விரட்டியதையும் சொன்னேன். மறுநாள் முதல், கழுத்தில் சணல் கயிறு சுற்றி முடிச்சுப் போடாமல் எந்தத் தைலச் சீசாவையும் நான் வெளியே அனுப்பவில்லை. இருட்டிலும் விரல் பட்டால் தெரியும். கயிறு எதற்கு என்று வாங்குகிறவர் திருப்பிச் சொன்ன பிறகே கையில் கொடுப்பேன்.

“கம்பவுண்டரு சீசாவுக்குத் தாலி கட்றாருங்க. மேளத்தைக் காணோமே?” என்று வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேலிதான் ஊரெல்லாம் பரவியது. தாலி கட்டினதை வாயில் வைக்காதே என்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். நான் எழுதிய எந்தச் சீட்டும் அவ்வளவு தூரம் போனதில்லை.

பிறகொரு நாள் அந்த அம்மாள் தைலம் வாங்க வந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன்.

“அது கெடக்குதுங்க. முடிச்சை இன்னுங் கொஞ்சம் இறுக்கிப் போடுங்க” என்றார்.

நான் ஓய்வு பெறும் வரை, மருந்து மாறி வெந்த வாயோடு வேறு யாரும் அங்கு வரவில்லை. அந்த முடிச்சை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான். அந்த அம்மாள் முதல் நாள் கேட்டபோதே அதைப் போட்டிருக்கலாமே என்ற வருத்தமும் கூடவே வருகிறது.