குழியோரம் புதைந்த பந்து

அடுத்தவர் பாவத்தைக் கேட்க உங்களுக்கு ஏன் இத்தனை அரிப்பு? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

கோவளம் பக்கம் கோல்ஃப் மைதானத்தில் மணல் குழிகளைச் சமன் செய்வது என் வேலை. பந்து குழி மணலில் புதைந்தால் அப்படியே அடிக்க வேண்டும். குழியோரப் புல்தரையில் புதைந்தால் அபராதமில்லாமல் எடுத்து வைக்கலாம்.

அன்று ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்கும் சேகர், என் பக்கத்து வீட்டுக்காரன், "புல்லுலதான் சார் புதைஞ்சிகீது" என்று ஆடிக்கொண்டிருந்த முதலாளியிடம் சொன்னான். அது உண்மை. எதிராளி நம்பாமல் என்னைக் கேட்டார்.

"புளுவுறான் சார், மணல்லதான் கெடந்துச்சு" என்று வழக்கம்போல் சேகரைச் சீண்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன் என்றால் என் வேலையும் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பொய் சொன்னான் என்று அன்றே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"நல்லா பாத்தியா ஆயா?" என்று மட்டும் கேட்டான்.

தப்பித்துக்கொள்ள அக்கம்பக்கத்தில், "எனுக்கு கண்ணு சரியா தெர்ல" என்று சொல்லிவைத்தேன். இப்போது ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அவன் பெண்டாட்டிதான் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.