அப்பா தைத்த சீட்

1. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். சீட்டின் உயரம் 785 மில்லிமீட்டர். ஏறி உட்கார்ந்தால் இரண்டு முன்பாதங்களும் தரையில் ஊன்றின.
2. மூன்று வாரம் தினமும் காலையில் மாஹிம் பக்கம் போய் ஓட்டிப் பழகினேன். ஒருமுறைகூட விழவில்லை.
3. நான் ஆபீஸில் இருந்த ஒரு சனிக்கிழமை, அப்பா சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டார்.
4. திங்களன்று சயான் சிக்னலில் விழுந்தேன்.
5. ரோட்டில் ஆயில் கிடந்தது என்று வீட்டில் சொன்னேன். ஆயில் எதுவும் கிடக்கவில்லை.

என் உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், செம்பூர் ஆபீஸில் இருக்கிறேன். டிப்ளமா முடித்தவள்தான் என்றாலும் இரண்டு வருடமாக போனில் வரும் புகாரை எழுதிக்கொள்வதுதான் வேலை. கட்டடம் கட்டடமாகப் போய்ப் பழுது பார்க்கும் வேலைக்கு வர வேண்டுமானால் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும். கம்பெனி தரும் கருவிப்பெட்டி ஸ்கூட்டரில் நிற்காது. செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரை நான் முன்னால் ஓட்ட, சூப்பர்வைசர் பின்னால் வந்து பார்ப்பார். தேறினால் செம்பூர் ஏரியா எனக்கு. இல்லையென்றால் மறுபடி போன்.

அப்பா தாராவியில் தோல் பை தைக்கிறவர். அந்தச் சனிக்கிழமை நான் வீடு திரும்பியபோது சந்தில் நாலு பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். பழுப்பு நிறத் தோல், ஓரமெல்லாம் இரட்டைத் தையல், உள்ளே ரெண்டு அடுக்கு ஸ்பான்ஜ். பக்கத்து வீட்டுக்காரம்மா சிரித்தார். “அண்ணாச்சி, மவளுக்குச் சிம்மாசனமே தச்சிட்டிய. ஏறதுக்கு ஏணியும் செஞ்சு குடுத்துருங்க.”

“நாள் பூரா வண்டியில சுத்தப் போறவ. இடுப்பு வலிக்கக் கூடாதுல்லா,” என்றார் அப்பா. “ஏளா, உக்காந்து பாரு.”

உட்கார்ந்தேன். இரண்டு பெருவிரல்களின் நுனி மட்டும் தரையைத் தொட்டது. உயரம் கூடியதோடு சீட் அகலமாகவும் ஆகியிருந்தது. தொடை விரிந்தால் கால் இன்னும் குட்டையாகிவிடும்.

“எப்படி இருக்கு?”

“சூப்பரா இருக்குப்பா.”

சிக்னலில் நடந்தது இதுதான். வலது கால் பிரேக்கில். இடது காலைக் கீழே விட்டேன். அந்த இடத்தில் ரோடு சாக்கடைப் பக்கம் சரிகிறது. கால் தரையைத் தேடிக்கொண்டே போனது. நின்றுவிட்ட வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் என்னைப் போன்றவளால் பிடித்து நிறுத்த முடியாது என்பதை நான் கணக்குப் போட்டே சொல்வேன். அது சாய்வதை முழுக்கப் பார்த்துக்கொண்டே விழுந்தேன்.

ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கிவிட்டார். “அரே மேடம், ஸ்கூட்டி லேலோ நா!” ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். பின்னால் ஹாரன். நான் தேங்க்யூ சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிக்னலுக்கும் நூறடி முன்பே கால் ஊன்ற மேடு தேட ஆரம்பித்தேன். நடைபாதை ஓரம் கிடைத்தால்தான் நிறுத்தினேன். கிடைக்காவிட்டால் பச்சை விழும்வரை ஊர்ந்தேன்.

ஒரு நாள் காலையில் டேப் வைத்து சீட்டை அளந்துகொண்டிருந்தேன். அப்பா பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

“எதுக்குளா அளக்கே?”

“சும்மாதாம்ப்பா.”

டேப்பை வாங்கி அவரே அளந்தார். 818. “முன்ன எவ்வளவு இருந்துச்சு?” சொன்னேன். அப்பாவுக்கு இஞ்ச்தான் கணக்கு. மனதுக்குள் மாற்றிப் பார்த்தார்.

“ஒண்ணேகால் இஞ்ச்சுக்கா விழுந்தே?”

டேப்பைத் திரும்ப வாங்கிச் சுருட்டினேன்.

“ஆயில்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

அப்பா தையலைத் தடவிப் பார்த்தார். “ரெண்டு அடுக்கையும் பசை போட்டு ஒட்டிருக்கேன். அறுத்தா கீழ உள்ளதும் பிஞ்சு வந்துரும். ஸ்பான்ஜுதான, உக்கார உக்கார அமுங்கிரும்.”

அன்றிலிருந்து சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். டீ அங்கேயே. போன் பேசுவதும் அங்கேயே. “எங்க பயணம் அண்ணாச்சி?” என்று போகிறவர்கள் கேட்டால், “கன்னியாமரிக்கு. வாறியளா?” என்கிறார். இடையிடையே எழும்பி, முழு எடையோடு பொத்தென்று உட்காருகிறார்.

தினமும் காலையில் அளக்கிறேன். 818, 817, 817, 816. பை அடிப்பாகத்துக்குப் போடுகிற கெட்டி ஸ்பான்ஜ் அது. அவர் இறங்கிய அரை மணி நேரத்தில் முக்கால்வாசி திரும்ப எழும்பிவிடும். இதை அப்பாவிடம் சொல்லவில்லை. குர்லா மார்க்கெட்டில் பழைய சீட் கிடைக்கும், மாட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும். அதையும் சொல்லவில்லை. இரண்டு முறை கடை வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

இன்று சனிக்கிழமை. உயரம் 815. இடது முன்பாதம் ஊன்றவில்லை. திங்கள் காலை பத்து மணிக்கு சூப்பர்வைசர் வருகிறார். சயான் சிக்னல் வழியாகத்தான் போக வேண்டும். அப்பா வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்.