காலியாகப் போன லாரி

லாரி ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்று, மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறி வருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் ஓட்டினார், அதனால் கேட்பார்கள். ஆபீஸ் பியூனைவிட அவருக்குக் கூடுதலாகத்தான் வந்தது. பொய் சொல்லக்கூடாது. ஆனால் மாதச் சம்பளம் கிடையாது, டிரிப்புக்குத்தான் காசு. ஹேடோ துறைமுகத்தில் ஜஹாஜ் நின்றால் ராப்பகலாக ஓட்டம். கப்பல் போய்விட்டால் வீட்டில் கஞ்சி.

ஹேடோவில் மூட்டை ஏற்றி, பெரார்கஞ்ச் கடைகளில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவார். எங்கள் வீடு வழியில், கராச்சர்மாவில், ரோட்டு மேலேயே. வளைவில் ரெண்டு தரம் ஹார்ன் அடிப்பார். எங்கள் மகள் எந்தத் தூக்கத்திலும் எழுந்து ஓடுவாள். அவளுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நிறுத்த மாட்டார்.

ஒரு மழைக்காலம், ஹேடோவில் கப்பல் நின்ற சமயம், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. விடிகிற நேரத்தில் கழுத்து விறைத்துவிட்டது. முதல் பஸ் வரவில்லை. முருகா என்று திருநீறு பூசி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். ஹார்ன் கேட்டது. வயிற்றில் பால் வார்த்தது.

லாரி நின்றது. உள்ளே காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார்.

"முதலாளி, புள்ளைக்கு முடியலை. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிட்டுப் போயிடலாம்" என்றார் இவர்.

"அந்தப் பக்கம் திரும்பினா ஹேடோ லாரி வரிசையில நம்ம இடம் போச்சு" என்றார் அவர். பிறகு என்னிடம், "ஏம்மா, கப்பல் வந்தாத்தான் உன் புள்ளைக்குக் காய்ச்சல் வருமா? பஸ் வரும், ஏறி வா."

இவர் கதவைத் திறக்கப் போனார்.

"இறங்குறியா? இறங்கு. சாவியைக் கொடுத்துட்டு இறங்கு. உன்னை மாதிரி நாலு பேர் ஹேடோவில பீடி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கான்."

இவர் என்னைப் பார்த்தார். "பஸ்ஸுல வந்துடு" என்று சொல்லிவிட்டு கியர் போட்டார். பின்பக்கத்தில் ஒரு கிழிந்த சாக்கு மட்டும் கிடந்து குலுங்கிக்கொண்டு போனது.

பஸ் மத்தியானம்தான் வந்தது. காலையிலேயே ஏன் கொண்டுவரவில்லை என்று டாக்டர் இந்தியில் கத்தினார். உசிரை மட்டும் கொடு என்று முருகனைக் கேட்டேன். கொடுத்தார். இன்றைக்கும் அவருக்கு விளக்கு வைக்காமல் நான் பச்சைத் தண்ணி குடிப்பதில்லை.

அந்தக் கப்பலில் இவர் கைக்கு அதுவரை வராத காசு வந்தது. புள்ளைக்கு பிஸ்கட் வாங்கு என்று காண்ட்ராக்டர் மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள், வளைவில் ஹார்ன். பிள்ளை வாசலில், ரோட்டுக்கு முதுகு காட்டிக் கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி அடித்தார். அப்புறம் கையை எடுக்காமல் அடித்தார். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா பயந்து வெளியே ஓடி வந்தாள். பிள்ளை திரும்பவே இல்லை.

அன்று காண்ட்ராக்டர் லாரியில் இல்லை. இவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் நிழல் கிளிஞ்சல் மேல் விழுந்த பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் லாரி எடுக்கப் போனார்.