வலது வளைவில் விழுந்த கோடு

சென்னையில் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஊரடங்கில் அந்த வேலை போய்விட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பியபோது எனக்கு முப்பத்தொரு வயது. சொந்த ஊர் களமருதூர். அங்கே நெல்வயல்தான்; எனக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை. தியாகதுருகத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, தினமும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் வேலை தேடினேன்.

அப்படித்தான் எல்லோரும் பாய் என்று கூப்பிடும் ஒருவரின் கடைக்குப் போனேன். முன்னால் உதிரி பாகக் கடை, பின்னால் தகரக் கூரை போட்ட ஒர்க்ஷாப். யாரோ சொன்னதை நம்பி அவர் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தார். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்தால் எங்கே கோளாறு என்று காட்டும் கருவி. அதை இயக்க ஆளில்லாமல், ஆயில் பில்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"இத ஓட்டத் தெரியுமாம்மா?" என்றார்.

"தெரியும் பாய்."

"அப்ப நாளைக்கே வந்துடுங்க. இத பாக்கும்போதெல்லாம் எனக்கு வவுறு எரியுது."

இப்போது யோசித்தால், என் வேலை வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்றரை வருடம்தான். மார்கழித் தூறல் தகரத்தில் விழும் சத்தம், கிரீஸ் வாசனை, பதினொரு மணிக்கு பாய் வீட்டிலிருந்து வரும் இஞ்சி டீ. முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிட்டு எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்று குடிப்போம். ஏபிஎஸ், அதாவது சக்கரம் இறுகி நின்றுவிடாதபடி விட்டு விட்டுப் பிடிக்கும் பிரேக், வந்த புது வண்டிகள் அப்போதுதான் எங்கள் பக்கம் பெருக ஆரம்பித்திருந்தன. டேஷ்போர்டில் ஏபிஎஸ்ஸின் மஞ்சள் விளக்கு எரிந்தால் மற்ற ஒர்க்ஷாப்களில் பல்பைப் பிடுங்கி அனுப்பிவிடுவார்கள். பாய் கடையில் ஒரு பொம்பள கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிறாள் என்று சேதி பரவியதும், சங்கராபுரத்திலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அந்தத் தலைக்கனம் இருந்த நாளில்தான் மலையிலிருந்து அவர் வந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். வெள்ளிமலைக்கு உள்ளே ஒரு சின்ன ஊர். முப்பது வருடமாகப் பழைய ஜீப்பில் கல்வராயன் மலைக்கு மேலும் கீழும் ஆட்களை ஏற்றி இறக்கியவர். பழைய ஜீப் ஓய்ந்துபோய், பின்னால் நீள இருக்கைகள் போட்ட புது வண்டி வாங்கியிருந்தார். முன்பக்க பம்பர் நசுங்கியிருந்தது. மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்காமல் போய்த் தடுப்புச் சுவரில் மோதியிருக்கிறது. உள்ளே இருந்த பதினோரு பேரில் ஒருவருக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

"பிரேக்க மிதிச்சேன்மா. காலுக்கு அடியில தவள துள்ற மாதிரி பெடல் துள்ளுச்சு. பயந்து கால எடுத்துட்டேன். மறுபடி மிதிக்கிறதுக்குள்ள செவுரு வந்துட்ச்சு" என்றார்.

ஸ்கேனரை மாட்டினேன். இடது முன் சக்கரத்தின் சென்சாரில் சிக்னல் கோளாறு என்று ஒரு பழைய பதிவு இருந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த ஒரு வளையம் சுற்றும். பக்கத்தில் இருக்கும் சென்சார் அந்தப் பற்களை எண்ணிக்கொண்டே இருக்கும். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் தெரியும். சென்சாரைக் கழற்றிப் பார்த்தேன். முனையில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. துடைத்து மாட்டி, பதிவை அழித்துவிட்டு, தியாகதுருகம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். விளக்கு எரியவில்லை. பிரேக் கச்சிதமாகப் பிடித்தது.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க" என்றேன். கோளாறு இல்லை என்று அச்சடித்த தாளையும் கொடுத்தேன்.

அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அன்று அதை நான் செய்யவில்லை. அடுத்த வண்டி காத்திருந்தது. ஸ்கேனர் சொன்னால் போதும் என்றும் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். வண்டி காலியாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து நான் கொடுத்த தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது.

"இத படிச்சுப் பாத்துட்டு, வண்டி மேல தப்பில்லன்னா ஓட்டுனவன் மேலதான தப்புன்னு சொல்றாங்கம்மா. குடிச்சிட்டு ஓட்டிக்கினு வந்தேனாம். கம்ப்யூட்டரே சொல்லிட்டுதாம். நான் குடிக்கிறவன்தான், இல்லேன்னு சொல்லல. வண்டி எடுக்குற நாள்ல தொட்டதில்ல. இப்ப என் வண்டியில ஒருத்தரும் ஏற்றதில்ல."

பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து என்னைப் பார்த்தார். நான் பெருமையாக நீட்டிய தாள் ஒரு மனிதரைக் குடிகாரராக்கிவிட்டிருந்தது.

"மலையில ஓட்டிப் பாத்தியாம்மா?" என்று பாய் கேட்டார்.

"இல்ல பாய்."

"கோளாறு மலையிலதான வந்திச்சு?"

மறுநாள் காலையே லேப்டாப்பையும் ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு அவருடைய வண்டியில் ஏறினேன். கள்ளக்குறிச்சி எல்லையைத் தாண்டுவதற்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த மாதங்களில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி சூடு பிடித்திருந்தது. எங்கள் சாதி ஆட்கள்தான் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். கொடியும் கோஷமுமாக இருந்த கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து எங்கள் வண்டியை நோக்கி வந்தார். என் சித்தப்பா. களமருதூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்.

"நீ இன்னா இங்க? எங்க போய்க்கினு இருக்க?"

"மலைக்கு, சித்தப்பா. வண்டி டெஸ்ட் பண்ண."

"இன்னிக்கா? நம்ம புள்ளைங்களுக்காக எல்லாம் ரோட்ல குந்திக்கினு இருக்கோம், நீ வண்டி டெஸ்ட் பண்றியா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அவருடைய மகன் நல்ல மதிப்பெண் வாங்கியும் இரண்டு முறை கேட்ட படிப்பில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். கூட்டம் கலையும்வரை எந்த வண்டியும் போகாது என்றார். நாங்கள் புளியமர நிழலில் ஒதுங்கினோம். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவே இரண்டு பொட்டலம் லெமன் சாதம் கொண்டுவந்து, ஒன்றை என்னிடமும் ஒன்றை டிரைவரிடமும் கொடுத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு இன்னாங்க, மலைக்காரங்களுக்குத் தனி கோட்டா இருக்குது" என்றார் டிரைவரிடம். குரலில் சண்டை இல்லை. ஆதங்கம் இருந்தது.

டிரைவர் சாதத்தை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார். "இருந்திச்சுங்க. சாதி சர்ட்டிபிகேட்டு வாங்கக் கீழ வரணுமே. அப்பல்லாம் எங்க ஊருக்கு ரோடு இல்ல. நடந்து வந்தா, ஆபீசர் இல்ல நாளைக்கு வான்னுவாங்க. என் பெரிய பொண்ணுக்கு அப்படியே படிக்கிற வயசு போயிட்ச்சு. சின்னவ நர்சு படிக்கிறா. அவள காலேஜுல வுட்டது நான்தான், பழைய ஜீப்புல."

சித்தப்பா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். மதியத்துக்கு மேல் போலீஸ் வந்து பேசி, கூட்டம் எழுந்தது. கிளம்பும்போது சித்தப்பா ஜன்னல் அருகே வந்து, "பாத்து ஓட்டுங்க, எங்க வூட்டுப் பொண்ணு" என்றார் டிரைவரிடம். அந்த மூன்று வாரத்தில் அவரை நம்பிப் பேசிய முதல் மனிதர் என் சித்தப்பாவாகத்தான் இருக்கும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். மடியில் லேப்டாப். நான்கு சக்கரங்களின் வேகமும் திரையில் நான்கு நிறக் கோடுகளாக ஓடியது. ஏறி முடியும்வரை நான்கும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடுபோலப் போயின. வளைவுகளில் கொஞ்சம் விலகும், மறுபடி சேரும். அப்படித்தான் இருக்க வேண்டும். கோளாறே இல்லை. அவர் ரோட்டைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக ஓட்டினார்.

"தெரியுதாம்மா?"

"இன்னும் இல்லீங்க."

அவர் ஊரை அடைந்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவருடைய மனைவி வாசலில் மக்காச்சோளம் உலர்த்திக்கொண்டிருந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீதான் அந்தப் பேப்பரு குடுத்த பொண்ணா?"

"ஆமாங்க. அன்னிக்கு நான் சரியா பாக்கல."

அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் தோன்றியது. மோதிய அன்று வண்டியில் பதினோரு பேர் இருந்தார்கள். நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் காலி வண்டி. "பாரம் ஏத்தணும். இறக்கத்துல பாக்கணும்" என்றேன். டிரைவர் அக்கம்பக்கத்தில் கூப்பிட்டார்; யாரும் ஏறவில்லை. மனைவி உள்ளே போய் ஒரு மூட்டை மக்காச்சோளத்தை இழுத்துவந்தார். மூட்டைகள் ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் அவரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குங்க?"

"அவரு ஓட்ற வண்டியில நானே ஏறலன்னா வேற எவ ஏறுவா?"

இறங்கும் முன் டிரைவரிடம் சொன்னேன். "மெதுவாவே போங்க. பெடல் துள்ளுச்சுன்னா கால எடுக்காதீங்க, இன்னும் அழுத்தி மிதிங்க. ஒரு கை ஹேண்ட்பிரேக்குல இருக்கட்டும்."

முதல் வளைவு இடது பக்கம். ஒன்றும் இல்லை. அடுத்தது வலது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி. பாரமெல்லாம் இடது முன் சக்கரத்தின்மேல் சாய்ந்தது. அவர் பிரேக்கை அழுத்தினார். திரையில் சிவப்புக் கோடு, இடது முன் சக்கரத்தின் கோடு, செங்குத்தாகக் கீழே விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. கர்ரென்று ஒரு சத்தம் என் காலடியில் கேட்டது.

"இதான்! இதான்மா! துள்ளுது பாரு!" என்று கத்தினார்.

"அழுத்துங்க, எடுக்காதீங்க!"

வண்டி வளைவைத் தாண்டி ஓரமாக நின்றது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கோளாறைக் கண்டு மனிதர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். பின்னால் மூட்டைமேல் இருந்த அந்த அம்மா, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சமதளம் வந்ததும் ஜாக்கி போட்டோம். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. புது வண்டி என்றாலும், மலைச் சாலையில் பாரம் ஏற்றி ஏற்றிச் சக்கரத்தைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தது. பாரத்தோடு வலது பக்கம் திரும்பும்போது சக்கரம் சாயும். பல் வளையம் சென்சாரை விட்டு விலகிவிடும். பற்களை எண்ண முடியாத சென்சாரை நம்பி, சக்கரம் இறுகி நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர். உடனே அந்தச் சக்கரத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். அவருடைய காலடியில் தவளை துள்ளியது அதனால்தான். அவர் கையையும் பிடித்துச் சக்கரத்தில் வைத்து ஆட்டிக் காட்டினேன். திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தார்.

பேரிங்கும் சென்சாரும் மாற்றி, அதே பாரத்தோடு அதே வளைவுகளில் இரண்டு முறை இறங்கிப் பார்த்தோம். கோடு விழவில்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. இன்னொரு தாள் அச்சடித்துக் கொடுக்க எனக்கு மனமில்லை. வெள்ளிமலைச் சந்தை நாளன்று நானே போனேன். பாயும் கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உடன் வந்தார். டீக்கடை முன்னால் கூட்டமாக இருந்த இடத்தில், பழைய பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன்.

"அன்னிக்கு வண்டிமேல தப்பில்லன்னு எழுதிக் குடுத்தது நான்தான். நான் பாத்தது தப்பு. தப்பு வண்டி மேலதான். இவரு மேல இல்ல."

பேரிங் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் அதைச் சுற்றி, ஆட்டி, காதருகே வைத்துப் பார்த்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். மோதலில் கை முறிந்தவர் அவர்தான்.

"அப்ப இவரு குடிக்கலியா?"

"இல்லீங்க."

"இது தெரியாம ஒரு மாசமா சந்தைக்கு நடந்தே வந்தேனே" என்று அவர் டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார். முன்னமே ஏன் சொல்லவில்லை என்று. சொன்னேனே என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. வந்த வருடமே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சித்தப்பாவின் மகன் வேறு படிப்பில் சேர்ந்து இப்போது ஓசூரில் இருக்கிறான். எனக்கும் மறுபடி சென்னையில் வேலை கிடைத்தது. இங்கே ஸ்கேனர்கள் பெரிதாகவும் வேகமாகவும் இருக்கின்றன. ஆனாலும் எந்த வண்டி வந்தாலும் முதலில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிவிடுகிறேன். உடன் வேலை செய்பவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள்.

அந்தச் சந்தை நாளில் நாங்கள் அவருடைய வண்டியிலேயே இறங்கினோம். இருக்கை நிறைய ஆட்கள். காலடியில் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகள், யாரோ ஒருவர் மடியில் கால் கட்டிய சேவல். ஸ்டெப்னி டயர்மேல் இடம் பிடித்த பாய் இரண்டாவது வளைவிலேயே தூங்கிவிட்டார். ஒவ்வொரு வலது வளைவிலும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மற்ற யாரும் அதைக் கவனிக்கவில்லை. கடலை விலையைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.