பிரித்துப் பார்க்காத பெட்டி

இத்தாலியில், பலெர்மோவிலிருந்து ஊருக்குப் போகிற எங்கள் ஆட்கள் முதலில் டிக்கெட் எடுப்பார்கள், அடுத்து விமலராஜுக்கு ஃபோன் எடுப்பார்கள். மன்னார்க்காரன், வயது நாற்பத்தெட்டு. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் என்னோடு இருக்கிறான். தொங்கு தராசோடு வந்து அவன் பெட்டி கட்டினால், இருபத்து மூன்று கிலோ என்றால் இருபத்து மூன்றுதான். சப்பாத்துக்குள் சொக்லேட், சோஸ்பான் சட்டிக்குள் உள்ளாடை. “சின்னனும் பாரமும் கைப்பைக்குள்ளை” என்பான். கைப்பையை யாரும் நிறுப்பதில்லை என்பது அவன் கண்டது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஊருக்குக் கொடுத்துவிடும் பொதி யாருடையதாக இருந்தாலும் பிரித்துப் பார்ப்பான். சறோஜா அக்கா தங்கைக்குக் கட்டிக் கொடுத்த பொதியை அவள் கண்முன்னாலேயே பிரித்ததில் அவள் ஒரு வருடம் அவனோடு கதைக்கவில்லை. அவன் கவலைப்படவில்லை. சண்டைக் காலத்தில் அவனுடைய அண்ணன் அயல்வீட்டுக்காரர் கொடுத்த பொதியோடு பஸ்ஸில் வந்தபோது, சோதனைச் சாவடியில் அதைப் பிரித்தார்கள்; உள்ளே, அப்போது தடைசெய்திருந்த டோர்ச் பற்றரிகள் இருந்தன. அண்ணனை இறக்கிக்கொண்டு போனார்கள். எட்டு மாதம் கழித்து விட்டார்கள். அதன் பிறகு அண்ணன் யாரோடும் ஒழுங்காகக் கதைத்ததில்லை.

விமலராஜ் வேலை செய்வது பக்கத்து ஊரான பகேரியாவில், ஒரு பல் வைத்தியர் வீட்டில். தோட்டம், சமையல், நாய், எல்லாம் அவன்தான். பதினொரு வருடம். நாங்கள் இருக்கிற வீடும் அந்தத் தொத்தோரே ரெனாத்தோவின் சொத்துத்தான்; டொக்டரை இங்கே தொத்தோரே என்பார்கள். மனிதருக்கு வேட்டைப் பைத்தியம். துவக்கு வேட்டை என்றால் பரவாயில்லை, இவருக்கு வில்லும் அம்பும் வேண்டும். முதல் முறை அந்தச் சில்லு வைத்த வில்லைக் கண்டபோது, கோவில் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறாரோ என்று நினைத்தானாம். வருடா வருடம் வெளிநாட்டுக்குப் பறந்துபோய் மான் அடிப்பார். பெட்டி கட்டுவது விமலராஜ்.

இந்த வருடம் நமீபியா. புதன்கிழமை பயணம், இரண்டு கிழமை கழித்துத் திரும்புவார். ஆனால் அந்தப் புதன்கிழமை விமலராஜுக்கு வேறு காரணத்துக்காகப் பெரிய நாள். மனைவி றோஸ்மேரியையும் மகள் அமலினியையும் இங்கே கூப்பிடுவதற்கான பத்திரங்கள் எல்லாம் தயார். வீட்டுச் சொந்தக்காரர், ‘இவர்கள் இங்கே இருக்கலாம்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை அமலினிக்குப் பதினெட்டு வயது ஆகிறது. அதற்கு முன் விண்ணப்பம் போகாவிட்டால் அவள் பிள்ளைக் கணக்கில் வரமாட்டாள். ஃபோட்டோ பிடித்து அனுப்புகிற கையெழுத்தும் செல்லாது என்று பத்திரம் நிரப்பிய பெண் சொல்லியிருந்தாள். தொத்தோரே தவக்காலத்திலிருந்து “நாளைக்கு, விமல், நாளைக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதரின் கழுத்தைத் திருக வேண்டும் போலிருந்தது.

புதன் காலை வில்லுப் பெட்டியைத் தராசில் தொங்கவிட்டபோது இருபத்து நாலரை காட்டியது. அம்புகளுக்குப் பக்கத்தில், நாடாவால் சுற்றி ஒட்டிய ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருந்தது. கல்லுப் பாரம். வில்லுக்குரிய ஆணியும் திருகுசாவியும் என்று நினைத்தான். எங்கள் ஆட்களின் பொதி என்றால் அந்த இடத்திலேயே கிழித்துப் பார்த்திருப்பான். இது எசமானின் பொருள். பிரிக்கக் கை வரவில்லை. அவனுடைய சட்டப்படி அதை எடுத்துத் தொத்தோரேயின் கைப்பையில், கமெராவுக்குக் கீழே வைத்தான். தராசு இருபத்து மூன்றில் நின்றது.

வழக்கம்போல வில்லுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் விமான நிலையத்துக்குப் போனான். “பெட்டியைக் குடுத்துவிட்டுக் கோப்பி குடிப்போம், அப்போது கையெழுத்து வைக்கிறேன்” என்று தொத்தோரே காரில் சொன்னார். தாளை இரண்டாக மடித்து, பேனையோடு சட்டைப் பையில் வைத்திருந்தான்.

பெரிய பொருட்களை வாங்குகிற இடத்தில் ஒரு பெடியன் வில்லுப் பெட்டியைத் திறக்கச் சொன்னான்.

“அம்பு முனைகள் எங்கே?”

“உள்ளேதான், இரும்புப் பெட்டியில்” என்றார் தொத்தோரே. “வேட்டை முனை. ஒவ்வொன்றிலும் மூன்று அலகு. சவரம் செய்யலாம்.”

பெடியன் சிரித்து, வில்லைப் பார்த்ததோடு மூடி அனுப்பிவிட்டான்.  கைப்பையில் இருப்பது என்னவென்று விமலராஜுக்கு அப்போதுதான் விளங்கியது.

அதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலில் கையெழுத்து, பிறகு உண்மை என்று மனதுக்குள் முடிவெடுத்தான். இரண்டு நிமிடம் பொறுத்தால் மகள் வந்துவிடுவாள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கோப்பிக்கு நேரமில்லை என்றார் தொத்தோரே. சோதனை வரிசைக்குப் பக்கத்தில் நின்று, “கொண்டு வா தாளை” என்றார். கைப்பையைத் தூக்கி முழங்காலில் வைத்து, அதன்மேல் தாளை விரித்தார். பேனையைத் திறந்தார். வரிசையின் முன்னால் நின்ற ஒரு ஆளின் பையைப் பிரித்து ஒவ்வொரு பொருளாக மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்த ஆள் எதையோ சொல்லிச் சொல்லிக் கையை விரித்தான்.

“அண்ணையைத்தான் கண்டன் மச்சான்” என்று விமலராஜ் பிறகு என்னிடம் சொன்னான். “வாய் தன்ரை பாட்டிலை திறந்திட்டுது.”

“தொத்தோரே, அந்த இரும்புப் பெட்டி இந்தப் பைக்குள் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.”

பேனை நின்றது. தொத்தோரேயின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. பையைக் கிண்டிப் பெட்டியை எடுத்து விமலராஜின் நெஞ்சில் இடித்துக் கொடுத்தார். “என்னைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தாயா? பதினொரு வருடம் உன்னை நம்பினேனே!” வில்லுப் பெட்டி போன பக்கம் ஓடினார். அது எப்போதோ உள்ளே போய்விட்டது. திரும்பி ஓடி வந்தபோது கடைசி அழைப்புச் சொன்னார்கள்.

“தொத்தோரே, தாள்” என்று விமலராஜ் பின்னால் ஓடினான்.

“வந்த பிறகு!” என்று கையை உதறிவிட்டு வரிசைக்குள் புகுந்தார்.

தாள் நிலத்தில் கிடந்தது. கையெழுத்து வைக்கிற இடத்தில் ஒரேயொரு எழுத்து இருந்தது, R.

வீட்டுக்கு வந்து அந்த இரும்புப் பெட்டியையும் தாளையும் மேசையில் வைத்தான். நான் அவனைப் பேசினேன். கண்டபடி பேசினேன். றோஸ்மேரியும் அமலினியும் வந்தால் நான் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே, இனி என் கட்டில் எனக்குத்தான் என்ற நினைப்பும் வந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை தொத்தோரேயிடமிருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. செத்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முனைகளை அங்கேயே யாரிடமோ வாங்கிவிட்டாராம், கோபம் தீர்ந்ததாம், நாய்க்கு மருந்து கொடுக்க மறக்க வேண்டாமாம்.

அடுத்த பத்தாவது நிமிடம் அமலினி வீடியோவில் வந்தாள். கேக் வெட்டினாள். றோஸ்மேரி பின்னால் நின்று கண்ணைத் துடைத்தாள். நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

“அப்பா, அவரைப் பொலிஸ் ஒண்டும் செய்யேல்லையோ?”

“இல்லையம்மா. உள்ளுக்குப் போக முதல் சொல்லிப்போட்டன்தானே.”

“அப்ப நீங்கள் அவரைக் காப்பாத்தினீங்கள்.”

“ஓம்.”

“பிறகேனப்பா அவர் மிச்ச எழுத்தை எழுதேல்லை?”

விமலராஜ் என்னைப் பார்த்தான்.  “கேக்கைச் சாப்பிடு பிள்ளை” என்றான்.